இப்பவே கடன் வீடா, இன்னும் கொஞ்ச நாள் வாடகையா?

"ஒரு வீட்டை வாங்கிப் போடுல" என்று பெரியவங்க சொன்னதுமே திருநெல்வேலி கே.டி.சி. நகர் பக்கம் கிளம்பும் தம்பிகள் முதலில் கணக்கைப் பார்க்கணும். 30 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 90 சதவீதம் தரும். மீதி 3 லட்சம், அதுபோக முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம், எல்லாமே கைக்காசு. 27 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 23,400 ரூபாய். சம்பளம் 35,000 என்றால் மிச்சத்தில் அம்மாவுக்கு மருந்து வாங்கவா, பைக்குக்குப் பெட்ரோல் போடவா?

பாளையங்கோட்டையில் வாடகை என்றால், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதும் தட்டுமுட்டுச் சாமானோடு அலையணும், அது கஷ்டம்தான், ஆனால் சென்னைக்கு மாற்றல் வந்தால் உடனே கிளம்பலாம்.

என்னைக் கேட்டால், ஆறு மாதத் தவணை கையிருப்பு இருந்து வேலையும் இங்கேயே நிலைத்தவர் தாராளமாக வாங்கலாம். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.