சுங்கை சிப்புட் வைத்தியர் கடை: சிறுநீரகக் கல்லுக்குப் போகலாம், கவுன்டர் பொடியைத் தொடாதீர்கள்

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரனுக்கு இடுப்பு வலியும் நீர்க்கடுப்பும் சம்பளத்தோடு சேர்ந்து வருபவை. ஆலை வாசலில் வரிசையில் நின்றால் வண்டியை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் பின்னால் வந்தவன் முன்னால் போய்விடுவான். அதனால் தண்ணீர் குடிப்பதே குறைவு, குடித்ததையும் அடக்கி வைப்பது. எனக்கு வலது விலாவுக்குக் கீழே குத்தல் எடுத்து, கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தபோது 4 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல் என்றார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், தானாக இறங்கும் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார் டாக்டர். வீட்டில் சும்மா இருப்பார்களா? “வைத்தியர் கடைக்கு ஒரு நடை போயிட்டு வந்தா என்ன குறைஞ்சிடும்?” என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

கடை சுங்கை சிப்புட் பசாருக்கு, அதாவது சந்தைக்கு, பின்னால் இருக்கிறது. முன்பக்கம் நாட்டு மருந்துக் கடை, உள்ளே ஒரு சின்ன அறை. வைத்தியர் நம் ஊர்ப் பெண்தான். இந்தியாவுக்குப் போய் ஐந்தரை வருட ஆயுர்வேதப் படிப்பு முடித்தவர் என்று சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார். பார்க்க 30 வெள்ளி (ரிங்கிட்), மருந்து தனி.

உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது ஸ்கேன் ரிப்போர்ட். இது எனக்குப் பிடித்தது. நாடி பார்த்தே எல்லாம் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. இவரும் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஆனால் அதற்கு முன்னால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டா, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

“மூத்திரத்தை அடக்குவீங்களா அண்ணே?” என்றார். வேலையைச் சொன்னேன். அடக்கவே கூடாத உடம்பின் வேகங்கள் என்று பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் 13-ஐச் சொல்கிறாராம். தும்மல், ஏப்பம், பசி, தூக்கம் எல்லாம் அதில் உண்டு, மூத்திரமும் ஒன்று. அதை அடக்கினால் அடிவயிற்றில் வலி, கடுத்துக் கடுத்துப் போவது, தலைவலி என்று அடுத்தடுத்து வரும் என்றும் சொல்லியிருக்கிறாராம். ஆலை வாசல் வரிசையை அந்த மனுஷன் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் என் கதையைத்தான் எழுதியிருக்கிறார்.

ஆயுர்வேதத்தில் கல்லுக்கு அஸ்மரி என்று பெயர். வாதம், பித்தம், கபம், சுக்கிலம் (விந்து) என்று நாலு வகை. மூத்திரப்பைக் கல்லைக் கத்தி வைத்து எடுக்கும் முறையையே இன்னொரு பழைய ஆசிரியர் சுஸ்ருதர் விரிவாக எழுதியிருக்கிறார். அதிலும் மருந்தில் கேட்காவிட்டால் மட்டும்தான் கத்தி. வெட்டாவிட்டால் சாவு உறுதி, வெட்டினாலும் பிழைப்பது சந்தேகம், அதனால் அரசனிடம் அனுமதி வாங்கிவிட்டுத் தொடு என்கிறாராம். இப்போது ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதேதான். அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அரைவாசி இப்படிக் கதை கேட்பதிலேயே போனது. வெளியே காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மருந்து: பிருகத்யாதி கஷாயம், கோக்ஷுராதி குக்குலு மாத்திரை. இரண்டிலும் நெருஞ்சில் இருக்கிறது. 15 மில்லி கஷாயத்தில் மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டும். மழையில் நனைந்த கோணிச் சாக்கு வாடை அடிக்கும், கசப்பு சாயங்காலம் வரை நாக்கில் நிற்கும். பாட்டில் 200 மில்லி, விலை 38 வெள்ளி, ஒரு வாரம்கூட வராது. பாட்டிலில் விலை ஒட்டவில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் கொள்ளு ரசம், முள்ளங்கி, சீனி போடாத பார்லித் தண்ணீர். கோப்பிக்கடை பார்லி கணக்கில் வராது, அதில் பாதி சீனி. பூனைமீசை மூலிகை இலையும் கடையில் உண்டு. ஆனால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மக்சிக் ஒருத்தர், ஒரு மலாய் அம்மா, இதைவிட மலிவாக விற்கிறார்.

எரிச்சல் சீக்கிரமே அடங்கியது. அடுத்த ஸ்கேனில் கல் இல்லை. உடனே கடைக்காரர்களுக்கு மாலை போட்டுவிடாதீர்கள். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கும். நானும் லாரியில் பெரிய தண்ணீர்ப் போத்தல் வைத்து, வரிசை போனால் போகட்டும் என்று இறங்க ஆரம்பித்திருந்தேன். கஷாயத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எரிச்சல் குறைந்ததற்கு மட்டும் நான் அதற்கு மார்க் போடுவேன்.

இந்தக் கடைக்கு நான் நல்ல பெயர் கொடுப்பதற்குக் காரணம் வேறு. நான் காத்திருந்தபோது, தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கால் வீங்கிப்போய் வந்தார். பல வருட இனிப்பு நீர். வீக்கத்துக்கு மூக்கிரட்டைப் பொடி கொடும்மா என்று கேட்டார். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் ஏறியிருப்பதைப் பார்த்ததும் வைத்தியர் கொடுக்க மறுத்துவிட்டார். “ஐயா, கல்லு வேற, கிட்னி பழுது வேற. இதுல பொட்டாசியம் இருக்கு. உங்க கிட்னி அதை வெளியே தள்ளாது, இருதயத்தைப் பிடிச்சுக்கும்” என்றார். இளநீர், வாழைத்தண்டுச் சாறு எல்லாம் கல்லுக்கு நல்லது என்று நாம் குடிக்கிறோம். கிட்னி பழுதானவருக்கு அவையே ஆபத்தாம். பிளிம்பிங் பழம், அந்த நட்சத்திரப் பழம், வாயிலேயே வைக்கக் கூடாது. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், இன்றைக்கே போங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பெரியவருக்குக் கோபம். இருந்தாலும் விற்கவில்லை.

அப்படிப்பட்டவர் கடையிலேயே, முன்பக்க கவுன்டரில், பிளாஸ்டிக் பையில் கட்டி ‘சிறுநீரகப் பொடி’ என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டேன். வேலை செய்யும் பையன் “எல்லாம் மூலிகைதாண்ணே” என்றான். மூலிகை என்றால் தீங்கில்லை என்று யார் சொன்னது? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னியே போனது. காரணமான செடி நம் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. இதை வைத்தியரிடமும் சொன்னேன். முன்பக்கத்தை அப்பா பார்க்கிறார் என்று சிரித்து மழுப்பினார். அது பதில் இல்லை. அடுத்த முறை போனபோதும் பை அங்கேயே இருந்தது.

நம் மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்துப் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும், எண்ணுக்குப் பின்னால் டி (T) என்ற எழுத்து, பக்கத்தில் பளபளக்கும் ஹோலோகிராம். என் கஷாயத்திலும் மாத்திரையிலும் இருந்தன, பையில் இல்லை.

நீர்க்கடுப்பு, சின்னக் கல் என்றால் ரிப்போர்ட்டோடு போய் உள்ளறை வைத்தியரைப் பாருங்கள். குளிர்க் காய்ச்சலோடு முதுகு வலி, மூத்திரத்தில் ரத்தம், சொட்டுக்கூட இறங்காமல் அடைப்பு என்றால் நேரே ஆஸ்பத்திரி, இங்கே வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். திங்கட்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை கூட்டம் அதிகம். கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும், மோட்டாரில் போவது நல்லது.