மானிட்டரில் சத்தம் வரவில்லை என்றால் சவுண்ட் கார்டு மாற்றச் சொல்லும் கடைகள்: லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ்) போட்ட ஒரு டெஸ்க்டாப். புதிதாக வாங்கிய 24 இன்ச் மானிட்டர், ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும் மாடல். எச்டிஎம்ஐ கேபிளில் படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. இந்த ஒரே குறைக்காக ஒரு சர்வீஸ் கடை கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தது இது: சவுண்ட் கார்டு 1,450 ரூபாய், மதர்போர்டு ஆடியோ ஐசி (சில்லு) வேலை 2,200, 'ஆடியோ சப்போர்ட்' எச்டிஎம்ஐ கேபிள் 950, ஓஎஸ் இன்ஸ்டால் 800. மொத்தம் 5,400 ரூபாய். ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முத்திரை இல்லை, கழற்றியதாகச் சொன்ன பழைய ஐசியும் கைக்கு வரவில்லை.

ஓஎஸ் இன்ஸ்டால் என்பது யாரும் கேட்காமலே நடந்தது. டிஸ்க்கை முழுக்க ஃபார்மட் செய்து, மின்ட் இருந்த இடத்தில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள். ஹோம் ஃபோல்டரில் இருந்த கணக்கு வழக்கு, போட்டோ எல்லாம் போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் மானிட்டர் ஊமைதான். புது சவுண்ட் கார்டில் செருகிய ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக் காட்டி, "மானிட்டர் ஸ்பீக்கர் வீக் சார், இதுலயே கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

உண்மையான கோளாறு என்ன என்பது, கடைக்குக் கொடுப்பதற்கு முன் சவுண்ட் செட்டிங்ஸ் திரையைச் செல்போனில் எடுத்த படத்திலேயே இருக்கிறது. அவுட்புட் 'பில்ட்-இன் ஆடியோ அனலாக் ஸ்டீரியோ' என்று நிற்கிறது. பழைய விஜிஏ மானிட்டர் இருந்தபோது தனி ஸ்பீக்கருக்காகத் தேர்ந்தெடுத்தது அது; மானிட்டரை மாற்றிய பிறகும் சிஸ்டம் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. மின்ட்டைத் திரும்பப் போட்டு, பழைய கேபிளையே செருகி, அவுட்புட்டை எச்டிஎம்ஐக்கு மாற்றியதும் மானிட்டர் பேசியது. 1,450 ரூபாய் சவுண்ட் கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் செய்த சோதனை இது. ஆடியோ ஐசி என்பது பின்பக்க ஜாக்குகளுக்கு அருகில் இருக்கும் 48 கால் சில்லு. அதை உண்மையிலேயே எடுத்து மாற்றியிருந்தால் கால்களில் புது ஈயமும் சுற்றிலும் ஃப்ளக்ஸ் கறையும் தெரியும். இந்த போர்டில் அந்தச் சில்லின்மேல் இருந்த தூசிகூடக் கலையவில்லை.

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் வழியாகப் போகும் சத்தத்துக்கும் மதர்போர்டில் இருக்கும் ஆடியோ சில்லுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சில்லு பச்சை ஜாக்குக்கு, ஹெட்போனுக்கு, மைக்குக்கு. மானிட்டருக்குப் போகும் சத்தத்தைப் படத்தோடு சேர்த்து அனுப்புவது கிராஃபிக்ஸ் பகுதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையில் அது இரண்டு வரியாக வரும்: படத்துக்கு 01:00.0 என்றால் ஆடியோவுக்கு 01:00.1. இன்டெல் உள்கிராஃபிக்ஸ் உள்ள டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் 'எச்டிஏ இன்டெல் பிசிஎச்' என்ற ஒரே கார்டின் கீழ் அனலாக்கும் எச்டிஎம்ஐயும் சேர்ந்து நிற்கும். எது வேலை செய்ய வேண்டும் என்பதை ப்ரொஃபைல் என்ற அமைப்பு தீர்மானிக்கும். ஆக, பிசிஐ ஸ்லாட்டில் எந்த சவுண்ட் கார்டைச் செருகினாலும் அதன் சத்தம் எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் போகாது. மானிட்டர் ஊமை என்று போனவரிடம் சவுண்ட் கார்டு விற்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் நமக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

'ஆடியோ சப்போர்ட்' கேபிள் இன்னும் மோசம். எச்டிஎம்ஐயில் சத்தத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. படத்தின் வரிகளுக்கு நடுவே வரும் இடைவெளிகளில், அதே கம்பிகளில்தான் சத்தமும் போகிறது. எந்த எச்டிஎம்ஐ கேபிளும் ஆடியோ சப்போர்ட் கேபிள்தான். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கேபிளால் சத்தம் நின்றுபோகிற ஒரு வழி உண்டு. மானிட்டர் தன் விவரங்களை 'ஈடிஐடி' என்ற தகவல் தொகுப்பாக அனுப்பும். மட்டமான கேபிளோ, ஸ்ப்ளிட்டரோ, கேவிஎம் சுவிட்ச்சோ (ஒரே மானிட்டரை இரண்டு கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவது) அதைச் சரியாகக் கடத்தாவிட்டால், எதிரில் இருப்பது பழைய டிவிஐ மானிட்டர் என்று நினைத்து கிராஃபிக்ஸ் படத்தை மட்டும் அனுப்பும். அதை 950 ரூபாய் கேபிள் வாங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. டிவிக்குப் போட்டிருக்கும் கேபிளைக் கழற்றி ஒருதரம் நேராகச் செருகிப் பார்த்தால் போதும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மானிட்டர். பல மாடல்களில் ஸ்பீக்கரே கிடையாது. பின்னால் இருக்கும் 3.5 எம்எம் ஓட்டை ஹெட்போன் செருகுவதற்கு. பெட்டியில் 'ஆடியோ அவுட்' என்று போட்டிருப்பதை ஸ்பீக்கர் என்று நினைத்து வாங்கியவர்கள் நிறையப் பேர். ஸ்பீக்கர் இருந்தால் மானிட்டரின் சொந்த மெனுவில் வால்யூம், மியூட், ஆடியோ சோர்ஸ் மூன்றையும் பாருங்கள். சோர்ஸ் 'அனலாக்' அல்லது 'பிசி இன்' என்று இருந்தால் எச்டிஎம்ஐ சத்தத்தை அது கண்டுகொள்ளாது. அடுத்து கேபிள் வகை. விஜிஏயில் சத்தம் போகாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டரில் போகும், விஜிஏக்கு மாற்றும் அடாப்டரில் போகாது. யுஎஸ்பி வழியாகவே மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் என்றால் அதன் சத்தம் எச்டிஎம்ஐ என்ற பெயரில் வராது, தனி யுஎஸ்பி ஆடியோவாகத்தான் பட்டியலில் தெரியும்.

பிறகு சிஸ்டம். சவுண்ட் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ என்ற பெயரே காணவில்லை என்றால் 'பாவு-கண்ட்ரோல்' என்ற சின்ன புரோகிராமை நிறுவி, அதில் 'கான்ஃபிகரேஷன்' தாவலைத் திறக்க வேண்டும். ப்ரொஃபைல் 'அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்' என்று நின்றால், 'டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ அவுட்புட்' என்பதற்கு மாற்றுங்கள். எச்டிஎம்ஐ 2, எச்டிஎம்ஐ 3 என்று பல வரிகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு போர்ட்டுக்கு உரியது. மானிட்டர் இல்லாதவற்றின் பக்கத்தில் 'அன்பிளக்டு' என்றிருக்கும், அவற்றை விட்டுவிடலாம். மாற்றியதும் 'அவுட்புட் டிவைசஸ்' தாவலில் அதையே டீஃபால்ட்டாக வையுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு சில சமயம் பழைய வழியிலேயே போகும். 'பிளேபேக்' தாவலில் அதையும் தனியாக மாற்ற வேண்டும். நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல எங்களிடம் கணக்கில்லை, ஆனால் கடைக்குப் போகத் தேவையில்லாத கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் டெர்மினல். கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மானிட்டரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை 'ப்ராக்' ஃபோல்டரில் 'ஏசவுண்ட்', அதற்குள் கார்டு 0 (சிலவற்றில் கார்டு 1), அதற்குள் 'ஈஎல்டி' என்று தொடங்கும் கோப்புகளில் படிக்கலாம். எதை நிறுவவும் வேண்டாம், எந்த எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம். ஒரு கோப்பிலாவது 'மானிட்டர் பிரசன்ட்' 1, 'ஈஎல்டி வேலிட்' 1, கூடவே உங்கள் மானிட்டரின் பெயர் என்று இருந்தால் ஹார்டுவேர் பக்கம் அநேகமாகச் சுத்தம். கோளாறு ப்ரொஃபைலிலோ மியூட்டிலோ இருக்கிறது. முதலாவது 1, இரண்டாவது 0 என்றால் மானிட்டர் தெரிகிறது, ஆனால் தனக்குச் சத்தம் வரும் என்று அது சொல்லவில்லை: கேபிள், ஸ்ப்ளிட்டர், அல்லது ஸ்பீக்கரும் ஜாக்கும் இல்லாத மானிட்டர். எல்லாக் கோப்பிலும் 0 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக ஏறவில்லை, அல்லது கேபிள் வேறு கார்டின் போர்ட்டில் இருக்கிறது. இந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கடையோடு வாக்குவாதம் வந்தால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மியூட்டைப் பார்க்க, டெர்மினலில் ஓடும் 'அல்சாமிக்சர்'. எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுத்தால் 'எஸ்/பிடிஃப்' (டிஜிட்டல் சத்தம் போகும் வழி) என்று பெட்டிகள் வரும். கீழே 'எம்எம்' என்றிருந்தால் மியூட். எம் விசையை அழுத்தினால் அது மாறிவிடும். அந்தப் பெட்டிகளுக்கு வால்யூம் பட்டை இருக்காது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படித்தான்.

லேப்டாப்பின் சவுண்ட் செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் வந்தால் கதை வேறு. சமீப வருட இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் ஆடியோ எழுந்திருக்க 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அது 'ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு' என்ற பொதி (நிறுவும் தொகுப்பு). ஃபெடோரா என்ற இன்னொரு வகையில் 'அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர்'. அது இல்லாமல் உள்ளே இருக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து அடங்கிவிடும் என்பதால்தான் கடைகள் "ஐசி போச்சு" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றன. ஃபர்ம்வேரை நிறுவி ரீபூட் செய்வதற்கு ஐசி விலை எதற்கு?

இன்னொன்று, கடைக்காரர்களே உண்டாக்கும் கோளாறு. இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துப்போனால் 'சேஃப் கிராஃபிக்ஸ்' வழியில் போடுவார்கள். அப்போது, பூட் ஆகும்போது கெர்னலுக்குப் போகும் கட்டளை வரியில் 'நோமோட்செட்' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். படம் ஏதோ ஒரு ரெசல்யூஷனில் வரும், ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாததால் எச்டிஎம்ஐ ஆடியோ வராது. பூட்டைத் தொடங்கிவைக்கும் 'க்ரப்' புரோகிராமின் அமைப்புக் கோப்பில் அந்தச் சொல்லை நீக்கி, 'அப்டேட்-க்ரப்' ஓட்டி, ரீபூட் செய்தால் தீரும். சர்வீஸிலிருந்து வந்த பிறகு ரெசல்யூஷனும் கெட்டு, சத்தமும் போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

எல்லாம் பார்த்தும் தீரவில்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது மின்ட் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) எழுதி எடுத்துப் போங்கள். அதிலிருந்து பூட் செய்தால் டிஸ்க்கில் இருப்பது எதையும் தொடாது; பழைய ப்ரொஃபைல், சேமித்த தேர்வு எதுவும் அங்கே இருக்காது. அதில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்ததும் சத்தம் வந்தால் ஹார்டுவேரில் குறை இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டு சிஸ்டத்தில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவாக இருக்கும், சத்தத் தேர்வுகளைச் சேமித்து வைக்கும் 'வயர்பிளம்பர்' ஃபோல்டரை (பல்ஸ்ஆடியோ என்ற பழைய சத்த அமைப்பு ஓடும் பதிப்புகளில் 'பல்ஸ்' ஃபோல்டரை) வேறு பெயருக்கு மாற்றிவிட்டு லாகவுட் செய்து வந்தால் சேமித்த தேர்வுகள் அழிந்து புதிதாகத் தொடங்கும். ஃபார்மட் செய்து சாதிப்பதாகச் சொல்வதை இது ஒரு கோப்பையும் இழக்காமல் செய்கிறது.

மெஷினை விட்டுவிட்டு வர நேர்ந்தால் ஜாப் ஷீட்டில் உங்கள் கையால் எழுதுங்கள்: 'ஃபார்மட் செய்யக் கூடாது, போனில் கேட்காமல் பார்ட் மாற்றக் கூடாது, மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும்.' முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். நேர்மையான கடை இதற்கு முகம் சுளிக்காது. டிஸ்க் இல்லாமலே பூட் செய்யும் லைவ் பென்டிரைவ் அவர்களிடமே இருக்கும்.

ஃபார்மட் ஆகிவிட்ட டிஸ்க்கோடு திரும்பியவர்கள் அந்த மெஷினை உடனே அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் பழைய கோப்புகளின்மேல் எழுதிக்கொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்ற மீட்பு புரோகிராம்கள் இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம், இரண்டும் இலவசம். எஸ்எஸ்டியில் ட்ரிம் (அழித்த கோப்புகளின் இடத்தைத் துடைக்கும் வேலை) ஓடிவிட்டிருந்தால் மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

பணத்தைப் பொறுத்தவரை, பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுத்தால் அதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். துண்டுச்சீட்டு மட்டும்தான் இருக்கிறது என்றாலும் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் சேர்ந்தால் சாட்சியாகும். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.