ட்ரேஸ்மாலாக்: காசில்லாத தராசு, ஆனால் கொஞ்சம் மெதுவு

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஓர் இடத்துக்குப் பைத்தானில் எடைக் கணக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர், 1 ஜிபி ராம். இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் சாயங்காலம் லாரி வந்து நிற்கிற நேரமாகப் பார்த்துச் செத்துப்போகும். கரண்டைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், மெமரியைப் பார்க்கலாமே என்று கடைசியில்தான் தோன்றியது.

முதலில் கெட்சைஸாஃப், ஒரு பொருள் எத்தனை பைட் பிடிக்கிறது என்று சொல்லும் பைத்தான் ஃபங்ஷன். ஆயிரம் பெயர் உள்ள லிஸ்ட்டுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் பைட் என்றது. சாக்கை மட்டும் எடை போட்டுவிட்டுக் கொழுந்தை விட்டுவிட்ட கதை! லிஸ்ட்டுக்குள் இருப்பது ஒவ்வொரு பெயரும் எங்கே இருக்கிறது என்கிற 8 பைட் முகவரிதான், பெயருக்கான இடம் தனிக் கணக்கு. அதிலும் நம் தமிழ் இருக்கிறதே, ‘கோத்தகிரி’ நமக்கு 5 எழுத்து, பைத்தானுக்கு 9, ஒவ்வொன்றுக்கும் 2 பைட், அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் ஒரு நிரந்தரச் சுமை.

அப்புறம்தான் ட்ரேஸ்மாலாக், ஸ்கிரிப்ட்டின் எந்த வரி எவ்வளவு மெமரி எடுத்திருக்கிறது என்று காட்டும் கருவி. 2014இல் வந்த 3.4 முதல் பைத்தானோடு கூடவே வருகிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். தொடக்கத்திலேயே ஸ்டார்ட் கொடுத்து, காலையில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து மெமரிக் கணக்கு), மதியம் ஒன்று எடுத்து ஒப்பிட்டேன். முதல் வரியிலேயே என் ஃபைல் பெயர், 41ஆம் வரி. தராசு நொடிக்குப் பத்துத் தடவை எடை அனுப்பும், ராத்திரி ஆளே இல்லாவிட்டாலும் அனுப்பும், அத்தனையையும் எதற்கும் இருக்கட்டும் என்று நானே ஒரு லிஸ்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. போட்டதும் ஸ்கிரிப்ட் மந்தமாகிவிடும், கண்டுபிடித்த கையோடு எடுத்துவிடுங்கள், ஒரு ஸ்டார் அதற்காகவே குறைக்கிறேன். சி-யில் எழுதிய சில லைப்ரரிகள் நேரடியாக எடுக்கும் மெமரி இதன் கண்ணில் படாது. லிஸ்ட்டைக் காலி செய்த பிறகு ட்ரேஸ்மாலாக் குறைத்துக் காட்டும், லினக்ஸின் டாப் கமாண்டில் மொத்த மெமரியைப் பார்த்தால் அவ்வளவு குறைந்திருக்காது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பைத்தான் மெமரியைப் பெரிய பெரிய சாக்காக வாங்கி வைத்துக்கொள்கிறது, உள்ளே ஒரு பிடி மிச்சம் இருந்தாலும் அந்தச் சாக்கைத் திருப்பித் தர முடியாது.

இப்போது லிஸ்ட்டுக்குப் பதில் டெக், நிரம்பினால் பழையதைத் தானே தள்ளிவிடும் வரிசை, அதன் உச்ச அளவு (மேக்ஸ்லென்) 600, அதாவது கடைசி ஒரு நிமிட எடை மட்டும். பத்து நாளாக லாரி வருகிறது, போகிறது, எனக்கு போன் வரவில்லை.