கம்பி ரிம்மும் செம்பனை முள்ளும்

கம்பி ரிம் போடலாமா என்று மச்சான் போன வாரம் கேட்டான். அவனிடமும் ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிள்தான், ஸ்போர்ட் ரிம்மோடு, அதாவது கம்பியில்லாமல் ஒரே வார்ப்பாக வரும் சக்கரத்தோடு வந்தது. நான் மாற்றி இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. அவனுக்குச் சொல்வதை எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

கம்பி ரிம்மில் குறை இல்லை. சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதைகள் உங்களுக்குத் தெரியும். மழையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒருமுறை போனால் போதும், மறுநாள் செம்மண் முழுக்கக் குழி. வேகமாக இறங்கினால் ஸ்போர்ட் ரிம்மின் விளிம்பில் விரிசல் விழும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். கம்பி ரிம் கொஞ்சம் கோணும், அவ்வளவே. எங்கள் மெக்கானிக் ஒவ்வொரு கம்பியாக ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். இறுகியது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். டொக் சொன்ன இடத்தில் நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டை, அரைத் திருப்பு திருப்புவார், சக்கரம் நேராக ஓடும். புதிதாகப் போட்டதும் கொஞ்ச நாளில் கம்பி தளரும்; அப்போது கட்டாயம் ஒருமுறை இறுக்க வேண்டும்.

வாங்கும்போது அலுமினியமே வாங்கு. உர மூட்டை ஏற்றுகிற மோட்டாரில் இரும்பு ரிம்மின் குரோம் நிற்காது. ரிம் அளவு 17 அங்குலம், அகலம் முன்னுக்கு 1.40, பின்னுக்கு 1.60, கம்பிக்கு 36 துளை. டயர் முன்னுக்கு 70/90, பின்னுக்கு 80/90. பையன்கள் ஒல்லியாக 1.20 போடுகிறார்கள், பார்க்க ஜோர்தான். ஈரச் செம்மண்ணில் ஓட்டிக் காட்டட்டும். ஸ்போர்ட் ரிம்மில் ஹப்பும் சேர்ந்தே வார்த்திருக்கும், அதனால் கம்பிக்கான ஹப்பும் தனியாக வாங்கணும். இ.எக்ஸ்.5 கம்பி ரிம்மோடும் விற்பதால் அது கிடைப்பது சுலபம்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். செம்பனை மட்டையின் அடியில் வரிசையாக முள் இருக்கும். வெட்டிப் போட்ட மட்டை காய்ந்தால் அது ஆணிக்குச் சமம். முன்பு ஸ்போர்ட் ரிம்மில் டியூப்லெஸ் டயர் போட்டிருந்தேன். முள் ஏறினால் அப்படியே விட்டுவிடுவேன், காற்று மெதுவாகத்தான் இறங்கும், பட்டணம் வரை ஓட்டிவிடலாம். கம்பி ரிம்மில் நிப்பிள் துளைகள் இருப்பதால் உள்ளே டியூப் வேண்டும். டியூப்பில் முள் பட்டதும் காற்று டயருக்குள் நிற்காமல், வால்வு ஓரத்திலும் அந்தத் துளைகள் வழியாகவும் போய்விடும். பின் சக்கரம் அப்படியே நெளியும். பொழுது சாயும் நேரத்தில், லைன் வீடுகளுக்கு வெகு தூரத்தில், கொசுவோடு மோட்டாரைத் தள்ளிப் பாருங்கள், ரிம்மின் அழகெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

தடித்த டியூப் போட்டேன், முள்ளுக்கு அது பொருட்டே இல்லை. முள்ளை முழுதாகப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அதுவும் அன்றைக்கே போகும். டயரின் உள்பக்கம் விரலால் தடவி நுனியைத் தேடணும். கடையில் இதை யாரும் செய்வதில்லை, பக்கத்தில் நின்று நச்சரிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டியூப்புக்கும் கூலிக்கும் வெள்ளி எண்ணிக் கொடுக்கிறேன்.

ஆகவே மச்சான், போடாதே. என் ரிம்மை உனக்கு விற்கவும் மாட்டேன், அதை மட்டும் கேட்காதே. போட்டே தீருவேன் என்றால் எப்போதும் கையோடு ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஒரு கைப்பம்பு. டியூப்பின் அளவைப் படித்துவிட்டு வாங்கு.