கத்தரி இலையில் உட்கார்ந்திருப்பது எந்த வண்டு?

மாடித் தோட்டம் போட்ட முதல் வருடம் நான் பொறுக்கிக் கொன்றவை பெரும்பாலும் பொறிவண்டுகள். இலையைத் தின்ற எபிலாக்னா வண்டுகளோ சுகமாக இருந்தன. இரண்டும் ஒரே குடும்பம். அதே குண்டு முதுகு, அதே கறுப்புப் புள்ளிகள். தொட்டால் மஞ்சள் நீர் கசிவதும் இரண்டுக்கும் பொது.

முதுகைச் சாய்வாகப் பாருங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டு மெருகு போட்டதுபோல் பளபளக்கும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய ரோமம். அதனால் அதன் செம்பழுப்பு மங்கித் தெரியும். புள்ளியை எண்ணுவது எனக்குச் சரிப்படவில்லை. எபிலாக்னாவில் 28 புள்ளி இனமும் உண்டு, 12 புள்ளி இனமும் உண்டு. வண்டோ எண்ணி முடிக்கும்வரை நிற்காது.

புழுவில் குழப்பம் குறைவு. பொறிவண்டின் புழு பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறம், முதலைக்குட்டி போன்ற நீண்ட உடல், நல்ல ஓட்டம். எபிலாக்னா புழு மஞ்சள். உடலெங்கும் கிளைவிட்ட முட்கள். இலையின் அடியில் மந்தமாக மேயும். பச்சையத்தை வரிவரியாகச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைக்கும். இலை சல்லடையாகிக் காய்ந்துவிடும்.

முட்டைதான் வில்லங்கம்: இரண்டுமே இலையடியில் நட்டுவைத்த மஞ்சள் குவியல். பக்கத்தில் அசுவினி மொய்த்திருந்தால் நான் கை வைப்பதில்லை.