‘100 எம்பி ஸ்பீடு’ என்று சொல்லி ஃபைபர் விற்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

ஈரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் சென்னையில் நடக்கிறது. ஆடித் தள்ளுபடி என்று வந்த ஒரு ஃபைபர் இன்டர்நெட் கம்பெனி வருஷப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. பெரிய பெரிய ஃபைல் அனுப்பிப் பிழைக்கிறவர்கள் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. ஒரு கல்யாணத்துக்கு நாலு கேமரா, சுமார் 400 ஜிபி. சென்னைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? “நாங்க குடுக்கறது நூறு எம்பி ஸ்பீடுங்ணா, ஏத்தறதும் எறக்கறதும் ஒரே மாதிரி” என்று சொன்ன விற்பனைப் பையன், கொட்டேஷனின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டான். 400 ஜிபி என்றால் 4,00,000 எம்பி. நூறால் வகுத்தால் 4,000 செகண்ட். “ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒண்ணேகாலுங்ணா.” விடையைச் சுற்றி வட்டம் போட்டுக் கையெழுத்தும் வைத்தான். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆவணி முதல் முகூர்த்தம். காலையில் கல்யாணம், மறுநாள் சாயந்திரம் ரிசப்ஷன், அங்கே திரையில் ஹைலைட்ஸ் ஓட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு அப்லோடு போட்டோம். விண்டோவில் 11 எம்பிக்கும் 12 எம்பிக்கும் நடுவே முள் ஆடிக்கொண்டிருக்கிறது, அதைத் தாண்டவே இல்லை. எடிட்டர் அன்றைக்கு ராத்திரிக்கு மட்டும்தான் நேரம் ஒதுக்கியிருந்தார். கடைசி ஃபைல் ஏறியபோது நடுராத்திரி ஆகிவிட்டது. ரிசப்ஷனில் வெறும் போட்டோதான் ஓடியது. பெண் வீட்டார் பாக்கியில் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

டெக்னீஷியன் வந்தார், ஸ்பீடு டெஸ்ட் போட்டார், 96 காட்டியது. “வருதுங்களே சார்!” என்றார். வருகிறதுதான், ஆனால் அது மெகாபிட். ஃபைல் ஏறும் வேகத்தைக் காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். நூறு மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அதிலும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒட்டும் முகவரி முதலான சுமைக்குக் கொஞ்சம் போக, கைக்கு வருவது 11.5 மாதிரி. 400 ஜிபிக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பையன் எழுதிக் கொடுத்தது ஒன்றேகால்.

கஸ்டமர் கேரில் சொன்ன சமாதானம்தான் எனக்கு இன்னும் எரிச்சல். “கம்ப்யூட்டர்ல 1024 கணக்குங்க சார், அதனால குறைச்சலா தெரியும்.” இதை நம்பிவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகின்றன, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிவது அதனால்தான். இந்தக் குழப்பத்துக்காகவே 1998ல் மெபிபைட், கிபிபைட் என்று தனிப் பெயரே வைத்தார்கள். ஆனால் அந்த வித்தியாசம் மெகாவில் 5 சதவீதத்துக்கும் உள்ளே, ஜிகாவில் 7 சொச்சம். எட்டு மடங்கு ஓட்டையை அதை வைத்து அடைக்கப் பார்க்கிறார்கள்.

நெட்வொர்க் பக்கம் 1024 என்ற பேச்சே கிடையாது, மெகா என்றால் பத்து லட்சமேதான். ஃபைபரின் பழைய வேக அளவான எஸ்டிஎம்-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9 வரிசை, 270 பத்தி பைட்டுகள் கொண்ட ஒரு கட்டு (ஃபிரேம்) செகண்டுக்கு 8,000 தடவை போகும். பெருக்கினால் 155.52 மெகாபிட், அதாவது 19.44 மெகாபைட். நிர்வாகத்துக்கான பத்திகளைக் கழித்தால் நம் சரக்குக்கு மிஞ்சுவது 18.72. இதைப் பதினாறு மடங்கு ஆக்கினால் எஸ்டிஎம்-16: 2488.32 மெகாபிட், 311.04 மெகாபைட்.

ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் என்ற முறையில்தான் ஃபைபர் வீட்டுக்கு வருகிறது. அதன் இறங்கு வேகமும் அச்சு அசல் இதே 2488.32தான். ஏறு வேகம் அதில் பாதி. ஒரே இழையை 64 வீட்டுக்குப் பிரித்திருந்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றினால் ஆளுக்கு 19.44 மெகாபிட், அதாவது 2.43 மெகாபைட். அப்படி எல்லாரும் ஒன்றாக ஏற்றுவது அபூர்வம்தான். ஆனாலும் எத்தனை வீட்டுக்குப் பிரித்திருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

‘அன்லிமிடெட்’ என்ற பேச்சும் அப்படித்தான். பொடி எழுத்தில் மாதம் 3,300 ஜிபி என்று இருந்தது, ஏற்றியது இறக்கியது எல்லாம் சேர்த்து. முழு வேகத்தில் ஓடினால் 73 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதற்கு அப்புறம் நத்தைதான். எங்களுக்கு எட்டுக் கல்யாணக் கணக்கு அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “நூறுன்னு சொன்னோம், நூறு வருதுல்ல?” என்கிறார்கள். இப்படி நடந்தால் முதலில் புகார் கொடுத்து டாக்கெட் எண் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்ளாது, அங்கே எழுதி நேரத்தை விரயம் செய்யாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாய்ப்பேச்சு எதுவும் நிற்காது. ‘செகண்டுக்கு இத்தனை மெகாபைட், ஏறு வேகம்’ என்று எழுதி வாங்குங்கள், மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வட்டம் போட்ட அந்தத் தாளைக் காட்டி மேல்முறையீடு செய்ததில், மீதி மாதங்களுக்கான பணத்தைத் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுத் தம்பி ஒருத்தனை ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறேன். 2 டிபி, சுமார் ஏழு மணி நேரம்: செகண்டுக்கு 79 எம்பி வருகிறது, மெகாபைட்டிலேயே.