டீஃபால்ட்டை மாற்ற நான்கு வழிகள்: ஸ்கிரிப்டுகளை உடைக்காதது எது?

கட்டளைவரிக் கருவி ஒன்றின் டீஃபால்ட்டை, அதாவது ஆப்ஷன் எதுவும் தராதபோது அது தானாகச் செய்வதை, மாற்றுவது பல நேரம் ஒரு வரி வேலை. பழைய டீஃபால்ட்டை நம்பி எத்தனை ஸ்கிரிப்டுகள் (கட்டளைகளைத் தானாக வரிசையாக ஓட்டும் கோப்புகள்) ஓடுகின்றன என்பதுதான் எழுதியவருக்கே தெரியாது.

முதலில், எச்சரித்துவிட்டு மாற்றும் வழி. நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி கிட்; மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும் அதன் கட்டளை புஷ். எதை அனுப்புவது என்று சொல்லாமல் வெறும் கிட் புஷ் அடித்தால், இரு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் கிளைகள் (தனித்தனி வேலைத் தடங்கள்) எல்லாம் ஒரு காலத்தில் போய்விடும். 2012லேயே மாற்றத்தை அறிவித்து, 2014 மே மாதம் வந்த கிட் 2.0ல் நடப்புக் கிளை மட்டும் போகும்படி செய்தார்கள். பழைய பழக்கம் வேண்டுவோர் கான்ஃபிக்கில் வைத்துக்கொள்ளலாம். புஷ் அடிப்பது பெரும்பாலும் ஆள்தான், அதனால் எடுபட்டது.

ஸ்கிரிப்ட் எச்சரிக்கையைப் படிக்காது. 2022ல், உரையில் தேடும் கருவியான கிரெப்பின் 3.8 வந்ததும், அதன் பழைய துணைக் கட்டளையான ஈகிரெப்பைக் கூப்பிட்டாலே 'இது வழக்கொழிந்து வருகிறது' என்று எஸ்டிடிஎரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டில்) ஒரு வரி விழுந்தது. எஸ்டிடிஎரரையும் சேர்த்துப் பிடித்து வரிகளை எண்ணும் ஸ்கிரிப்டில் கணக்கு ஒன்று கூடும். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடினால் மெயில் வந்து குவியும். தேடல் மாறவே இல்லை, எச்சரிக்கைதான் உடைத்தது!

இரண்டாவது, எதிரே டெர்மினல் (ஆள் கட்டளை அடிக்கும் திரை) இருக்கிறதா என்று கருவியே பார்ப்பது. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸில், 2016ல் வந்த 8.25 முதல், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், இடைவெளியுள்ள கோப்புப் பெயரை மேற்கோளுக்குள் காட்டுகிறது. திரையில் மட்டும்தான், வெளியீட்டைப் பைப்பில் வேறொரு கட்டளைக்கு விட்டால் பழையபடியே. திட்டியது மனிதர்கள், ஸ்கிரிப்டுகள் தப்பின. ஆனால் நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரை, போலி டெர்மினல் தரும் மைனஸ் டி ஆப்ஷன் போட்டு ஓட்டினால், ஆளே இல்லாத இடத்திலும் கருவி ஆள் இருப்பதாக நம்பிவிடும்.

மூன்றாவது, புதுப் பெயர். டெபியன், உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஏபிடி-கெட்டைத் தொடாமல் பக்கத்திலேயே ஏபிடி வந்தது. பாதுகாப்பானது, ஆனால் இரண்டையும் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும்.

நான்காவது, ஸ்கிரிப்டுக்கென்று மாறாத வடிவம். மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸுக்குப் போர்சலின் என்றொரு ஆப்ஷன் உண்டு. (பெயர்தான் வேடிக்கை: கிட் வழக்கில் போர்சலின் என்றால் மனிதர் புழங்கும் கட்டளைகள்.) அதன் வடிவம் மாறாது என்று வாக்குக் கொடுத்துவிட்டதால், மற்ற வெளியீட்டை இஷ்டப்படி திருத்தலாம்.

என் ஓட்டு நான்காவதுக்கு, அதுவும் டீஃபால்ட்டைத் தொடுவதற்குப் பல வெளியீடுகள் முன்பே. காட்சி மட்டும் மாறினால் டெர்மினல் சோதனை போதும். அழிப்பது, அனுப்புவது போன்ற செயலே மாறுகிறதென்றால் அந்தச் சோதனையைக் கிட்டே சேர்க்கக் கூடாது: கையால் ஓட்டிப் பார்த்தபோது ஒன்று, கிரானில் வேறொன்று என்று நடந்தால் பிழையைத் தேடவே முடியாது. அங்கே கிட் புஷ் போன வழிதான், எச்சரிக்கையை டெர்மினலில் மட்டும் காட்டி.